லட்டுவுக்குச் சர்க்கரை

கேள்வி: எங்கள் பூனையின் பெயர் லட்டு. ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண். பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட், வெளியே விடுவதே இல்லை. இரண்டு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறான். மணல் டப்பாவில் கட்டி கட்டியாகச் சிறுநீர். நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனாலும் 6.4 கிலோ இருந்தவன் 5.2 ஆகிவிட்டான். இப்போது ஜன்னல் திண்டில் ஏற முடியவில்லை, பின்னங்கால்களைத் தரையோடு பதித்து நடக்கிறான். போன வாரம் பரிசோதித்ததில் ரத்தத்தில் சர்க்கரை 418. சிறுநீரிலும் சர்க்கரை, ஃப்ரக்டோசமைனும் அதிகம். கிளார்ஜின் இன்சுலின் காலை ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நான்கு நாளாகப் போடப் பயந்துகொண்டிருக்கிறேன். மாமனாருக்கு இருபது வருடமாக சுகர். அவருடைய இன்சுலினையே போடலாமா, மாத்திரை எதுவும் இல்லையா? மாமியார் வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு என்கிறார். எதிர்வீட்டில், ‘எதற்கு அவஸ்தை, ஒரே ஊசியில் அனுப்பிவிடுங்கள்’ என்கிறார்கள். தயிர்சாதம் அவனுக்கு உயிர். போன வருடம் தோல் அரிப்புக்கு மூன்று தடவை ஊசி போட்டோம், அதனால் வந்திருக்குமா? அடுத்த மாதம் கும்பகோணத்தில் நாத்தனார் கல்யாணம், மூன்று நாள் போக வேண்டும். என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: எதிர்வீட்டு ஆலோசனையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். சர்க்கரை நோய் வந்த பூனை, மருந்து சரியாகப் போனால், ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். சில பூனைகளுக்கு ஒரு கட்டத்தில் இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. நோய் தெரிந்த முதல் ஆறு மாதத்துக்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கான வாய்ப்பு கூடுதல். அதனால்தான் அந்த நான்கு நாள் தயக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. இதைப் படித்த கையோடு உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, இன்னும் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார். எங்களிடம் வருபவர்களில் பலரும் இந்த நான்கு நாளைக் கடந்து வந்தவர்கள்தான்.

நோய் லட்டுவுக்கு இருக்கிறதா என்பதில் சந்தேகம் வேண்டாம். பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் அறையில் உட்கார வைத்தால், பயத்திலேயே அதன் சர்க்கரை 300-ஐத் தாண்டிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் இப்படி ஆகும். ஆகவே ஒரே ஒரு ரத்த அளவை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. ஃப்ரக்டோசமைன் என்பது கடந்த இரண்டு வார நிலவரத்தைக் காட்டும் சோதனை. ஒரு நாள் பயத்துக்கு அது அசையாது. உங்கள் டாக்டர் அதையும் பார்த்திருக்கிறார், சிறுநீரையும் பார்த்திருக்கிறார். தாகம், எடை இழப்பு, பின்னங்கால் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அந்தக் கால் நடை, அதிகச் சர்க்கரையால் நரம்பு தளர்ந்ததன் அடையாளம். சர்க்கரை இறங்கினால் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பெரும்பாலும் திரும்பி வரும். அதுவரை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு வையுங்கள், தெருவைப் பார்க்காமல் அவனுக்குப் பொழுது போகாது.

அரிப்பு ஊசி பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பழைய பில்லையோ சீட்டையோ தேடி எடுங்கள். அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருந்தால், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஸ்டீராய்டு இன்சுலினின் வேலையைத் தடுக்கும். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆண், கருத்தடை செய்தவன், நடுவயதைத் தாண்டியவன், குண்டு, வீட்டை விட்டு இறங்காதவன் என்று பூனைச் சர்க்கரைக்கு வேண்டிய எல்லா லட்சணமும் லட்டுவிடம் இருக்கிறது. (பெயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) இனி எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், ‘இவனுக்கு சுகர் இருக்கிறது’ என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். பல்லில் சீழ், சிறுநீரில் தொற்று இருந்தாலும் சர்க்கரை இறங்காமல் அடம்பிடிக்கும். இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி ஊசி. நீங்கள் பயப்படுவது குத்துவதற்கு. நான் பயப்படுவது வேறொன்றுக்கு.

குத்துவது இதில் மிக எளிய பகுதி. இன்சுலின் ஊசி முடி போல மெல்லியது. கிண்ணத்தில் சாப்பாட்டை வைத்து, அவன் சாப்பிடத் தொடங்கியதும், விலாப்பக்கத் தோலைக் கூடாரம் மாதிரி இரண்டு விரலால் தூக்கி, அடியில் உண்டாகும் பள்ளத்தில் ஊசியை நுழைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான பூனைகள் தலையைக்கூடத் தூக்காது. தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு தடவை கிளினிக்கில் வெறும் உப்புநீரை வைத்துப் பழகிக்கொள்ளலாம், கேட்டால் சொல்லித் தருவார்கள்.

என் பயம் சிரிஞ்சைப் பற்றியது. நம் ஊர் மருந்துக் கடையில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கும். சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. உங்கள் கிளார்ஜின் 100 யூனிட் வகை. உங்கள் மாமனாருடைய இன்சுலின் குப்பி 40 யூனிட் வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அப்படியானால் அவருடைய டப்பாவில் கிடப்பதெல்லாம் சிவப்பு மூடி. அவசரத்துக்கு அதில் ஒன்றை எடுத்து, கிளார்ஜினை ‘2’ என்ற கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது ஐந்து யூனிட். இரண்டரை மடங்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இரவு பத்தரை மணிக்கு வலிப்போடு ஒரு பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். வீட்டில் ஆரஞ்சு தீர்ந்துபோய், பாட்டியின் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். விடிய விடிய குளுக்கோஸ் ஏற்றி அதைப் பிழைக்க வைத்தோம். அன்றிலிருந்து சீட்டில் மருந்தின் பெயருக்கு முன்னால் மூடியின் நிறத்தை எழுதுகிறேன். லட்டுவின் சிரிஞ்சை மாமனாரின் டப்பாவில் வைக்காதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து, மேலே அவன் பெயரை எழுதித் தனியாக வையுங்கள். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூனையின் டோஸ் அரை அரையாகத்தான் ஏறும், இறங்கும்.

மாமனாரின் இன்சுலினைப் போடலாமா என்ற கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. அவர் போடுவது, வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டு இன்சுலின் சேர்ந்த 30/70 கலவையாக இருந்தால், பூனை உடம்பில் அது சட்டென்று இறக்கி, சீக்கிரமே வேலையை முடித்துவிடும். நமக்கு வேண்டியது பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக நிற்கும் மருந்து. கிளார்ஜினும் மனிதர்களுக்குச் செய்ததுதான், ஒரே கடையில்தான் வாங்குகிறீர்கள், ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாகாது. 3 மில்லி குப்பியில் 300 யூனிட் இருக்கும், அதில் லட்டு ஒரு மாதத்தில் 60-ஐக்கூடத் தாண்ட மாட்டான். மிச்சத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். குலுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வேண்டாம்; ஒருமுறை உறைந்துவிட்டால் அது செத்த மருந்து. மே மாதம் மின்சாரம் போய் நெடுநேரம் வராவிட்டால், குப்பியை ஒரு கவரில் கட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இதை உங்கள் மாமனார் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அவரிடம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. இருபது வருடம் சர்க்கரையோடு இருந்தவருக்கு ‘லோ’ ஆவது என்றால் என்னவென்று தெரியும். கை நடுங்கி, கண் இருட்டி, அவசரமாக ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொண்ட கதை அவரிடம் கட்டாயம் இருக்கும். லட்டுவால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. திடீரென்று துவண்டு படுப்பான், தள்ளாடுவான், வெறித்துப் பார்ப்பான், நடுங்குவான், முற்றினால் வலிப்பு வரும். அப்போது தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஒரு டீஸ்பூன் எடுத்து ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். வலிப்பு நேரத்தில் விரலைப் பற்களுக்கு நடுவே விடாதீர்கள், கடித்துவிடுவான். தெளிந்ததும் சாப்பாடு வைத்து, தெளிந்துவிட்டானே என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தேன் பாட்டிலை இன்றே சமையலறையில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் நடுராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதையும் பகலிலேயே விசாரித்து வையுங்கள்.

என் நோயாளிகளின் வீட்டாரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது, ஒரு வேளை இரண்டு தடவை போட்டால் கெட்டுவிடும். ஊசி போடும்போது பாதி வெளியே வழிந்துவிட்டதா என்று சந்தேகமா? திரும்பப் போடாதீர்கள். கணவர் போட்டாரா, நான் போட்டேனா என்று குழப்பமா? போடாதீர்கள், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு வழி: சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் தாளில், போட்டவர் போட்ட உடனே நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு கையெழுத்து விழாமல் தாளைக் கிழிக்கக் கூடாது. கிழித்த தாள்களையும் தூக்கிப் போடாமல் கிளிப்பில் செருகி டாக்டரிடம் கொண்டு போங்கள்.

சாப்பிடத் தொடங்கிய பிறகே ஊசி. கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால் வழக்கமான டோஸைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த வேளையும் சாப்பிடவில்லை, கூடவே வாந்தி, சோர்வு, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற ஒரு வாடை என்றால், அது கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) ஏறுவதன் அடையாளம். அன்று மாலை வரை காத்திருக்க வேண்டாம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் கிளினிக்குக்கோ உடனே கிளம்புங்கள். தீபாவளி சமயத்தில் இதை நிறையப் பார்க்கிறோம். வெடிச் சத்தத்துக்குப் பயந்து பீரோவுக்கு அடியில் புகுந்த பூனை ஒன்றரை நாள் சாப்பிடாது. அந்த இரண்டு நாளுக்கு என்ன டோஸ் என்று ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயம். வந்திருக்கிறது. சிறுநீரகம் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு வகை மருந்தைப் பூனைகளுக்கென்றே அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதித்தார்கள், பெக்ஸாகிளிஃப்ளோசின் என்று பெயர். அடுத்த ஆண்டு வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்தும் வந்தது. வாய்வழி மருந்து என்றதும் எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் வேறு கோளாறு இல்லாத, திடமான பூனைக்குத்தான் அவை ஒத்துவரும். சர்க்கரை அளவு சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே உள்ளே கீட்டோன் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இழந்தவனுக்கு நான் இன்சுலினைத்தான் எழுதுவேன், உங்கள் டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்கிறார். இதே குடும்பத்தைச் சேர்ந்த மனித மாத்திரைகள் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. நீங்களாகவே அதில் கால் துண்டு ஒடித்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மாமனாரின் மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரிதாகப் பயன்படாது, வாந்திதான் மிஞ்சும். கிளிமிபிரைடு போன்றவை தப்பித் தவறி உள்ளே போனால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். கீழே விழுந்த மாத்திரையை உருட்டி விளையாடும் பழக்கம் லட்டுவுக்கு உண்டா என்று தெரியாது, டப்பாவை மூடியே வையுங்கள்.

வெந்தயமும் பாகற்காயும் மாமியாருக்கே இருக்கட்டும். பாகற்காய்ச் சாற்றைப் பூனை வாயில் ஊற்றப் பார்த்தால் கையில் கீறலும், சாப்பாட்டுக் கிண்ணத்தின் மேல் அவநம்பிக்கையும்தான் மிச்சம். சாப்பிடாத பூனைக்கு ஊசி போட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர்சாதம். இதில்தான் உங்கள் வீட்டில் சண்டை வரப்போகிறது. பூனை ஊனுண்ணி. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் என்சைம் கிடையாது, சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை அள்ளிக்கொள்ளும் திறமை அதன் கல்லீரலுக்கும் குறைவு. நமக்கு சாதம் எப்படியோ, அதற்கு மீனும் கறியும் அப்படி. ஆக சாதத்தை நிறுத்த வேண்டும், பாலையும் நிறுத்த வேண்டும். ஆனால் இன்சுலின் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய டோஸே அதிகமாகிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக, டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே குறையுங்கள்.

கடையில் வாங்கும் உலர் தீனியையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். பாக்கெட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்று போட மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். 32 புரதம், 12 கொழுப்பு, 10 ஈரம், 3 நார், 8 சாம்பல் என்றால் மிச்சம் 35, அத்தனையும் மாவுச்சத்து. பவுச்சில் வரும் ஈரமான உணவில் 82 ஈரம், 10 புரதம், 4 கொழுப்பு, சாம்பலும் நாரும் சேர்ந்து இரண்டரை என்றால் மிச்சம் ஒன்றரைதான். சாம்பல் அளவு போடாத பாக்கெட்டில் உலர் தீனிக்கு 8, பவுச்சுக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு மாதிரி கெட்டியாக இருக்கும் பவுச்சில் சில நேரம் மாவு கலந்திருக்கும், அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வேகவைத்த கோழியோ சங்கராவோ முள் நீக்கிக் கொஞ்சம் சேர்க்கலாம், மஞ்சள், உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல். அதை மட்டுமே வைத்து ஓட்ட முடியாது. வெறும் கோழியில் கால்சியம் போதாது, வேகவைத்த தண்ணீரோடு டாரின் என்ற சத்து போய்விடும், அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

மாமியாரிடம் ‘இனி கொடுக்காதீர்கள்’ என்று சொன்னால் நீங்கள் ஆபீஸ் போன பிறகு பதினொரு மணிக்கு ஒரு உருண்டை போய்விடும். என் வீட்டு அனுபவத்திலேயே சொல்கிறேன். அந்தப் பதினொரு மணி உரிமையை அவரிடமிருந்து பறிக்காமல், உருண்டையை மட்டும் மாற்றுங்கள். டாக்டர் சொன்ன அளவிலிருந்து ஒரு ஸ்பூன் கோழியை எடுத்து ஒரு கிண்ணத்தில் அவர் பெயருக்கு வைத்துவிட்டுப் போங்கள். அவர் கையால் கொடுப்பதுதான் லட்டுவுக்கு முக்கியம், தயிர் இல்லை என்று அவன் கோபித்துக்கொள்ளும் இரண்டு மூன்று நாளைத் தாண்டிவிட வேண்டும்.

வீட்டில் அளவு பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் செய்தால் கிளினிக் பயத்தால் வரும் பொய்க் கணக்கு போய்விடும். காது ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாயை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஒரு துளி எடுத்தால் போதும். மாமனாரின் மீட்டரில் பார்த்தால் பூனை ரத்தத்துக்கு நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும்; எனவே எந்த மீட்டர் என்பதை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். செல்லப்பிராணிகளுக்கென்று வரும் மீட்டர் கிடைத்தால் நல்லது. முடியைச் சிரைத்துத் தோலில் ஒட்டும் சென்சாரும் இப்போது பலர் வைக்கிறார்கள், பதினாலு நாள் வரை தானே அளந்து தரும், கடித்துப் பிய்க்காமல் இருந்தால். நாளின் மிகத் தாழ்ந்த புள்ளி 80-க்குக் கீழே போகக் கூடாது. 200, 250 என்று வந்தால் பதற்றப்பட்டு டோஸை ஏற்றாதீர்கள். ஒரு டோஸ் உடம்பில் நிலைகொள்ள ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், அதற்குள் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் கையில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் காலையில் எத்தனை மில்லி ஊற்றினீர்கள், இரவு எத்தனை மிச்சம் என்பதும் ஒரு சோதனைதான், செலவில்லாதது.

கும்பகோணத்துக்குப் போய் வாருங்கள். லட்டுவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், கல்யாண வீட்டில் அவன் சாப்பிட மாட்டான். ஊசி போடும் நேரத்தை இப்போதே, வீட்டில் எப்போதும் யாராவது இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழும் இரவு ஏழும் பெரும்பாலான வீடுகளுக்குத் தோதாக இருக்கின்றன. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மாடியிலோ பக்கத்திலோ பூனைக்குப் பயப்படாத ஒருவர் கிடைப்பார், காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இதை ரொம்ப நன்றாகச் செய்கிறார்கள். நீங்கள் கிளம்பும் வாரத்தில் அவர் உங்கள் கண்முன்னே நான்கு வேளையாவது போட்டுக் காட்டட்டும். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஆறு எண்ணி வைத்து, மாமனாரின் சிவப்பு டப்பாவைப் பீரோவில் பூட்டிவிட்டு, தேன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு ரயில் ஏறுங்கள்.